தைராய்டு முடிச்சு: ஊசிப் பரிசோதனையா, அறுவைச் சிகிச்சையா, காத்திருப்பதா?

கழுத்து வலிக்காக எடுத்த ஸ்கேனிலோ, ஆண்டுக்கொரு முறை செய்துகொள்ளும் முழு உடல் பரிசோதனையிலோ, ‘தைராய்டில் முடிச்சு உள்ளது’ என்ற ஒற்றை வரி எதிர்பாராமல் வந்து நிற்கும். என் தமக்கைக்கு அப்படித்தான் வந்தது. அறிக்கையைப் படித்த அன்றிரவே, “கட்டி இருக்குன்னு தெரிஞ்ச பிறகு அதை எதுக்கு உள்ளே வெச்சிருக்கணும்? எடுத்துடலாமே!” என்றார். பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் எண்ணம் இதுதான். அடுத்ததாக, முடிச்சில் ஊசி குத்திச் செல்களை எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று யாரோ ஒருவர் சொல்வார். இவ்விரண்டு எண்ணங்களையும் ஓரமாக வைத்துவிட்டு, எந்த வரிசையில் எதை முடிவு செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அன்று. அவர் முன் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான வழிகாட்டி மட்டுமே.

முதலில் இது எவ்வளவு பரவலானது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அயோடின் போதுமான அளவில் கிடைக்கும் பகுதிகளில், கையால் தடவிப் பார்த்தே உணரக்கூடிய முடிச்சு பெண்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கும் ஆண்களில் சுமார் 1 சதவீதத்தினருக்கும் உண்டு. நுண்மையான அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் தேடினால், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலேயே 19 முதல் 68 சதவீதம் பேரிடம் ஏதோ ஒரு முடிச்சு தென்படுகிறது என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அவற்றுள் புற்றுநோயாக இருப்பவை 7 முதல் 15 சதவீதம். ஆகவே முடிச்சு இருப்பது செய்தியே அன்று. அது எப்படிப்பட்ட முடிச்சு என்பதே செய்தி. ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தால் நாம் என்ன செய்வோம்? எப்படி வந்தாலும் செய்யப்போவது ஒன்றே என்றால், அந்தப் பரிசோதனை தேவையில்லை.

ஊசிக்கு முன் இரத்தப் பரிசோதனை

ஸ்கேனுக்குப் பிறகு பார்க்க வேண்டியது, இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு. அது இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தால், ஸ்கேனில் தெரிந்த தோற்றத்தை வைத்து அடுத்த படிக்குச் செல்லலாம். குறைவாக இருந்தால் கதை வேறு. முடிச்சே தன்னிச்சையாக ஹார்மோனைச் சுரக்கிறதா என்று சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஐசோடோப் ஸ்கேன் மூலம் பார்க்க வேண்டும். அப்படிச் சுரக்கும் ‘சூடான’ முடிச்சு புற்றுநோயாக இருப்பது மிக அரிது என்பதால் அதற்கு ஊசிப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது; மிகைச் சுரப்புக்கான சிகிச்சையே தேவை. இந்த எளிய இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமலேயே ஊசிக்கு எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. கருவுற்றிருக்கும் பெண்களுக்கு ஐசோடோப் ஸ்கேன் செய்யக் கூடாது. ஊசிப் பரிசோதனை செய்யலாம்.

முடி உதிர்வதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். சில ஆய்வகக் கருவிகளில் பயோட்டின் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும்.

ஸ்கேன் அறிக்கையைப் படிப்பது

இந்தப் பகுதியில்தான் நிதானம் தேவை. ஏனெனில் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு பக்கத் தாள்தான். பலர் அதில் மில்லிமீட்டர் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அளவை விடத் தோற்றம் முக்கியம். 3 செ.மீ. உள்ள நீர்க்கட்டி, 1 செ.மீ. உள்ள கருமையான திண்ம முடிச்சை விடக் குறைவான கவலைக்குரியது.

தோற்றத்தை மதிப்பெண்ணாக மாற்றும் முறைகளில் பரவலானது அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட டைராட்ஸ். அதில் ஐந்து கூறுகளுக்குப் புள்ளிகள் உண்டு. முடிச்சு முழுவதும் நீராகவோ பஞ்சு போன்றோ இருந்தால் 0, நீரும் திண்மமும் கலந்திருந்தால் 1, முழுத் திண்மமாக இருந்தால் 2. சுற்றியுள்ள தைராய்டுத் திசுவை விடக் கருமையாகத் தெரிந்தால் 2, மிகக் கருமையாக இருந்தால் 3. குறுக்குவெட்டுப் படத்தில் அகலத்தை விட உயரம் மிகுந்திருந்தால் 3. விளிம்பு ஒழுங்கற்றுப் பிதுங்கியிருந்தால் 2, சுரப்பிக்கு வெளியே நீண்டிருந்தால் 3. பெரிய சுண்ணாம்புப் படிவுக்கு 1, ஓரத்தில் வளையமாகப் படிந்திருந்தால் 2, ஊசிமுனை போன்ற நுண்புள்ளிகளாகத் தெரிந்தால் 3. கூட்டினால் 3 புள்ளி மூன்றாம் நிலை, 4 முதல் 6 வரை நான்காம் நிலை, 7ம் அதற்கு மேலும் ஐந்தாம் நிலை. ஐந்தாம் நிலைக்கு 1 செ.மீ., நான்காம் நிலைக்கு 1.5 செ.மீ., மூன்றாம் நிலைக்கு 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஊசிப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. முதல் இரு நிலைகளுக்கு ஊசியே வேண்டியதில்லை.

தமக்கையின் அறிக்கையை மேசையில் விரித்து வைத்து நாங்கள் கூட்டிப் பார்த்தது இப்படி: வலது மடலில் (சுரப்பியின் வலப்பாதியில்) 14 × 10 × 9 மி.மீ. முடிச்சு. திண்மம், 2. கருமை, 2. அகலம் 10, உயரம் 9, எனவே 0. விளிம்பு சீரானது, 0. பெரிய சுண்ணாம்புப் படிவு ஒன்று, 1. மொத்தம் 5, நான்காம் நிலை. அளவோ 15 மி.மீ.க்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. அறிக்கையின் அடியில் ‘உடனடியாக ஊசிப் பரிசோதனை தேவை’ என்று அச்சாகியிருந்தது. அகச்சுரப்பியல் மருத்துவர் கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு, அவை இயல்பாக இருந்ததால் ஓராண்டு கழித்து மறு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். நான்காம் நிலை முடிச்சுகளில் புற்றுநோய்க்கான வாய்ப்பு 5 முதல் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்பது அவருக்கும் தெரியும். அந்த அளவில் இருப்பதை ஓராண்டு கவனித்துவிட்டுப் பார்ப்பதால் இழப்பு ஏதுமில்லை என்பதே இந்த வரம்புகளின் பின்னுள்ள கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய முறை, கொரிய முறை என்று டைராட்ஸ் பலவகை. ஒன்றில் நான்கு என்பது இன்னொன்றில் நான்கு அன்று. அறிக்கையில் நிலை எண் மட்டும் இருந்து, எந்த முறை என்று குறிப்பிடப்படவில்லை என்றால், ஸ்கேன் மையத்திடமே கேட்டு எழுதி வாங்குங்கள். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ அழற்சி உள்ள சுரப்பியில் திட்டுத்திட்டான பகுதிகள் முடிச்சு போலவே தோன்றக்கூடும் என்பதால், தைராய்டை அடிக்கடி பார்க்கும் கதிரியக்க மருத்துவரிடம் மறுபடி ஸ்கேன் செய்துகொள்வது பல நேரங்களில் ஊசியை விடப் பயனுள்ளது.

மேற்சொன்ன வரம்புகள் எல்லோருக்கும் ஒரேபடியாகப் பொருந்தா. குழந்தைப் பருவத்தில் கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்கள், நெருங்கிய உறவினருக்குத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தவர்கள், காரணமின்றிக் குரல் கரகரத்து வாரக்கணக்கில் மாறாமல் இருப்பவர்கள், முடிச்சு கல் போல இறுகி வேகமாக வளர்வதை உணர்பவர்கள் ஆகியோர் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி என்னும் அரிய வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்திருந்தால் கால்சிடோனின் என்னும் இரத்தப் பரிசோதனையும் சேரும். வேறு காரணத்துக்காக எடுத்த பெட் ஸ்கேனில் தைராய்டின் ஒரு புள்ளி மட்டும் ஒளிர்ந்து, அது 1 செ.மீ.க்கு மேற்பட்ட முடிச்சாக இருந்தால் ஊசிப் பரிசோதனை செய்வதே முறை. நிணநீர்க் கணு சந்தேகத்துக்குரியதாக இருந்தால், முடிச்சின் அளவு எதுவாயினும், அந்தக் கணுவிலும் ஊசியிட்டுப் பார்ப்பார்கள்.

ஊசிப் பரிசோதனை என்ன சொல்லும், என்ன சொல்லாது

ஓராண்டு கழித்து தமக்கையின் முடிச்சு 17 × 13 × 10 மி.மீ. ஆகியிருந்தது. இரண்டு திசைகளில் 20 சதவீதத்துக்கு மேல், குறைந்தது 2 மி.மீ. கூடியிருந்தால்தான் அதை உண்மையான வளர்ச்சி என்று கொள்வார்கள்; ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு கருவியைப் பிடித்த கையின் வேறுபாடாகவும் இருக்கலாம். இது இரண்டையும் தாண்டியது, 15 மி.மீ. வரம்பையும் தாண்டியது. ஊசிக்கு நாள் குறித்தோம்.

நம் ஊர் ஆய்வகங்களில் இதை எஃப்.என்.ஏ.சி. என்பார்கள். தோள்களுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னோக்கிச் சாய்த்துப் படுக்கச் சொல்வார்கள். இரத்தம் எடுக்கும் ஊசியை விட மெல்லிய ஊசியை, அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடியே முடிச்சுக்குள் செலுத்தி, இரண்டு முதல் நான்கு முறை செல்களைச் சேகரிப்பார்கள். ஊசி உள்ளே இருக்கும் சில நொடிகள் எச்சில் விழுங்கவோ பேசவோ கூடாது. கடினமான பகுதி அது ஒன்றுதான். முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. ஸ்கேன் துணையின்றிக் கையால் தடவியே ஊசி போடும் இடங்களும் உள்ளன. சிறிய முடிச்சுக்கும் பாதி நீரான முடிச்சுக்கும் அதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் ஊசி சரியான இடத்தில் விழாமல் போனால் முடிவு பயனற்றதாகிவிடும்.

ஊசியால் பரவும் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, இந்த மெல்லிய ஊசியின் தடத்தில் தைராய்டுப் புற்றுநோய் செல்கள் வளர்வது மிக மிக அரிது. அந்த அச்சத்தால் ஊசியைத் தவிர்த்துவிட்டு நேராக அறுவைக்குப் போவது, நோயில்லாத சுரப்பியைப் பறிகொடுக்கும் வழி.

முடிவு, ஊசியில் கிடைத்த செல்களை வகைப்படுத்தும் பெதெஸ்டா முறையில் ஆறு வகைகளுள் ஒன்றாக வரும். 2023இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் புற்றுநோய் வாய்ப்பின் சராசரியைத் தருகிறது: போதிய செல்கள் இல்லாத முதல் வகைக்கு 13 சதவீதம், தீங்கற்ற இரண்டாம் வகைக்கு 4, தெளிவற்ற மூன்றாம் வகைக்கு 22, ஃபாலிக்குலர் கட்டி என்னும் நான்காம் வகைக்கு 30, சந்தேகத்துக்குரிய ஐந்தாம் வகைக்கு 74, உறுதியான ஆறாம் வகைக்கு 97. இவை அறுவை செய்துகொண்டவர்களை வைத்துக் கணக்கிட்டவை என்பதால், குறைந்த வகைகளில் உண்மையான ஆபத்து இதனினும் குறைவாகவே இருக்கும்.

முதல் வகை வந்தால் ஊசியை மறுபடி போட வேண்டும். அது ‘புற்றுநோய் இல்லை’ என்ற பொருள் தராது. இரண்டாம் வகையில் அறுவை தேவையில்லை, ஸ்கேனில் கவனித்தால் போதும். ஆனால் ஸ்கேன் தோற்றம் ஐந்தாம் நிலையாக இருந்து ஊசி மட்டும் தீங்கற்றது என்றால், ஓராண்டுக்குள் மறு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். ஐந்தும் ஆறும் பெரும்பாலும் அறுவையை நோக்கிச் செல்பவை. சிக்கல் நடுவில் உள்ள இரண்டில்தான்.

நான்காம் வகையை உதாரணத்தோடு சொல்ல வேண்டும். ஃபாலிக்குலர் அடினோமா தீங்கற்றது. ஃபாலிக்குலர் கார்சினோமா புற்றுநோய். இரண்டிலும் செல்கள் ஒன்று போலவே இருக்கும். முடிச்சைச் சுற்றியுள்ள உறையையோ இரத்தக் குழாயையோ செல்கள் ஊடுருவியிருக்கின்றனவா என்பதே வேறுபாடு. ஊசி செல்களை எடுத்து வருமே தவிர உறையை எடுத்து வராது. ஆட்டின் ஒரு பிடி ரோமத்தைக் கொண்டுவந்து காட்டி, பட்டியின் வேலி உடைந்திருக்கிறதா என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? எனவே இந்த வகையில் முடிச்சுள்ள மடலை மட்டும் எடுத்து நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்புவதே நோயறியும் வழியாகவும் அமைகிறது. இப்படி அறுவை செய்துகொள்பவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குத் தீங்கற்றது என்றே முடிவு வரும் என்பதையும் அறிந்தே சம்மதிக்க வேண்டும். மரபணுக் குறிகளைப் பார்க்கும் மூலக்கூறுப் பரிசோதனைகள் இந்த எண்ணிக்கையைக் குறைக்க உதவுகின்றன. ஆனால் இந்தியாவில் அவை விலை மிகுந்தவை, எங்கும் கிடைப்பவையும் அல்ல.

தமக்கைக்கு வந்தது மூன்றாம் வகை. அந்த வாரத்திலேயே சந்தித்த அறுவை மருத்துவர் ஒருவர் சுரப்பி முழுவதையும் எடுத்துவிடலாம் என்றார். நாங்கள் ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி, தைராய்டு செல்களைப் பார்ப்பதில் பழக்கமுள்ள வேறொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டினோம்; அவரும் மூன்றாம் வகை என்றே சொன்னார். மூன்று மாதம் கழித்து மறு ஊசி போட்டபோது இரண்டாம் வகை என்று வந்தது. மூன்றாம் வகைக்கு மறு ஊசி என்பது வழிகாட்டுதல்களிலேயே உள்ள படி; அதைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பதாகாது. ஸ்லைடுகளைப் பெற்றுக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

அறுவை எப்போது, எவ்வளவு

புற்றுநோய் என்று உறுதியான பிறகும்கூட, முழுச் சுரப்பியையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. 1 செ.மீ.க்கு உட்பட்ட, சுரப்பிக்குள்ளேயே அடங்கிய பாப்பில்லரி வகைக்கு (தைராய்டுப் புற்றுநோயில் மிகப் பரவலானது) ஒரு மடலை எடுத்தால் போதும். 1 முதல் 4 செ.மீ. வரை கணுக்களில் பரவாமல் இருந்தால், ஒரு மடலா முழுவதுமா என்பது கலந்து பேசி முடிவு செய்யத்தக்கது என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. அதைத் தாண்டியவற்றுக்கும், வெளியே பரவியவற்றுக்கும் முழு அகற்றமே பொருந்தும்.

மிகச் சிறிய பாப்பில்லரிக் கட்டிகளை அறுக்காமலே கண்காணிக்கும் முறையை ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை 1993இல் தொடங்கியது. பத்தாண்டுக் கணக்கில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவை சுமார் 8 சதவீதம். கணுக்களில் புதிதாகப் பரவியவை 4 சதவீதத்துக்கும் குறைவு. வளர்ந்தபின் அறுவை செய்துகொண்டவர்களும் நன்றாகவே இருந்தனர். மறுபக்கம் தென் கொரியாவைப் பாருங்கள்: 1999இல் தொடங்கிய தேசியப் பரிசோதனைத் திட்டத்தோடு தைராய்டு ஸ்கேனும் சேர்ந்து பரவியதில், 2011இல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993ஐப் போலப் பதினைந்து மடங்கானது, இறப்பு விகிதமோ மாறவில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அறுவை செய்துகொண்டார்கள். நமக்கு அருகே திருவனந்தபுரத்திலும் பெண்களிடையே பதிவாகும் எண்ணிக்கை நாட்டின் மற்றப் பகுதிகளை விட மிக அதிகம். அதிலும் தேவைக்கு மீறித் தேடிக் கண்டறிவதன் பங்கு பேசப்படுகிறது.

தீங்கற்ற முடிச்சுக்கு அறுவை தேவைப்படுவது, அது இடைஞ்சல் தரும்போதுதான். விழுங்கும்போது அடைப்பு, படுத்தால் மூச்சுத் திணறல், மூச்சுக்குழாய் ஒருபுறம் தள்ளப்படுதல், மார்பெலும்புக்குப் பின் இறங்குதல், கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் உறுத்தும் வீக்கம் ஆகியவை நியாயமான காரணங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிச் சற்று நேரம் வைத்திருந்தால் முகம் சிவந்து மூச்சு முட்டுகிறது என்றால், கட்டி மார்புக்குள் இறங்கி நெருக்குகிறது என்று கொண்டு விரைந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். 4 செ.மீ.க்கு மேற்பட்டவற்றுக்கு, ஊசி முடிவு நன்றாக இருந்தாலும், அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். இருமுறை ஊசியில் தீங்கற்றது என்று உறுதியானவற்றை ரேடியோ அலை வெப்பத்தால் சுருக்கும் முறையும், மீண்டும் மீண்டும் நிறையும் நீர்க்கட்டிகளுக்கு எத்தனால் செலுத்தும் முறையும் பெருநகரங்களில் கிடைக்கின்றன. தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை கொடுத்து முடிச்சைக் கரைப்பது என்ற பழைய வழக்கம் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. அதனால் இதயத் துடிப்பும் எலும்பும் பாதிக்கப்படலாம்.

அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இழப்பையும் எடை போட வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தைராய்டு அறுவையைப் பாதுகாப்பானதாக்கிய தியோடர் கோஹர், முழுச் சுரப்பியையும் எடுத்த நோயாளிகள் பின்னாளில் மந்தமடைந்து வீங்கிப்போனதை 1883இலேயே பதிவு செய்தார். இத்துறை ஆய்வுகளுக்காக 1909இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று மாத்திரை இருப்பதால் அந்த நிலை வராது, ஆனால் முழு அகற்றத்துக்குப் பின் மாத்திரை வாழ்நாள் முழுவதற்கும். ஒரு மடல் மட்டும் எடுத்தால் ஐவரில் நால்வருக்கு மாத்திரையே தேவைப்படாது. சுரப்பியை ஒட்டிச் செல்லும் குரல் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது, கைதேர்ந்தவரிடம், நூற்றுக்கு ஒன்றிரண்டு. பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் சேதமுற்றால் கால்சியம் குறைந்து விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். இது முழு அகற்றத்தில் நேரும் சிக்கல், ஒரு மடல் அறுவையில் அநேகமாக இல்லை.

எனவே அறுவை மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டியவை சில. ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள்? 25க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு மடல் போதாதா? போதாது என்றால் ஏன்? அறுவைக்கு முன்னும் பின்னும் குரல் நாண்களைப் பார்ப்பீர்களா? ஆசிரியர்கள், பாடகர்கள், கடையில் நாள் முழுதும் கூவி விற்பவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியை விடக் கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் அகச்சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறைகள் உள்ளன. இரண்டாவது கருத்துக்கு அங்கே செல்லலாம். தைராய்டுப் புற்றுநோயின் பெரும்பாலான வகைகள் மெல்ல வளர்பவை என்பதால், இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு யோசிப்பதால் எதுவும் கெட்டுவிடாது. கருவுற்றிருப்பவருக்குக்கூடப் பிரசவம் வரை அறுவையைத் தள்ளிவைப்பதே பெரும்பாலும் வழக்கம்.

கையில் பழைய நோய்க்குறியியல் அறிக்கை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உறைக்குள் அடங்கி ஊடுருவாத ஒரு ஃபாலிக்குலர் வகைக் கட்டிக்கு 2016இல் பெயர் மாற்றி, அதைப் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் ஸ்லைடுகளை மறுபடி காட்டினால் பயன் இருக்கலாம்.

முழு அகற்றம் செய்துகொண்டவர்கள் வீடு திரும்பியதும் செய்யும் பொதுவான தவறு, காலை எழுந்ததும் தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்குவது. கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்சினை உடலில் சேரவிடா. தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்து, கால்சியத்தை நான்கு மணி நேரம் தள்ளியே சாப்பிட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்து அளவைச் சரிசெய்வார்கள்.